இன்றிரவு எதைப் பார்ப்பது?

வீட்டில் இருந்தபடியே திரைப்படங்களும் தொடர்களும் பார்ப்பது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம். பெயரை வெளியிட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால், எல்லாருக்கும் ஊர்ப்பெயர் மட்டும் தரப்பட்டுள்ளது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் மாமியார், கணவர், ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், நான் ஆகிய நால்வரும் டிவி முன் உட்காருகிறோம். மூன்று ஓடிடி தளங்களுக்குச் சந்தா கட்டியிருக்கிறோம். இருந்தும் ரிமோட்டை வைத்துக்கொண்டு வெகுநேரம் தேடிவிட்டு, கடைசியில் ஏற்கெனவே பார்த்த நகைச்சுவைக் காட்சிகளையே மறுபடி போட்டுப் பார்த்துவிட்டுத் தூங்கப் போகிறோம். எப்படித்தான் தேர்ந்தெடுப்பது? – ஒரு வாசகி, தஞ்சாவூர்

டிவியைப் போடுவதற்கு முன்பே தேர்வை முடித்துவிடுங்கள். ஓடிடி தளத்தின் முகப்புப் பக்கம் என்பது, கடைக்காரர் தாம் சீக்கிரம் விற்றாக வேண்டிய சரக்கை முன்வரிசையில் அடுக்கிவைக்கும் அலமாரி. அங்கே முதலில் கண்ணில் படுவது உங்கள் நால்வருக்கும் பிடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஒரே படத்துக்கு ஆளுக்கு ஆள் வெவ்வேறு முகப்புப் படத்தைக் காட்டும் முறையைக் கையாள்வதாக நெட்ஃபிளிக்ஸ் நிறுவனமே 2017இல் விளக்கியிருக்கிறது. காதல் படங்களை விரும்பிப் பார்ப்பவருக்கு நாயகன் நாயகி நிற்கும் படமும், நகைச்சுவை விரும்பிக்கு அதே படத்தில் ஓரிரு காட்சிகளில் தலைகாட்டும் நகைச்சுவை நடிகரின் முகமும் காட்டப்படலாம். ஆகவே அந்தச் சிறிய படத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

எது நல்ல படம் என்பதைக் கடைசிக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் யார் யார் உட்காரப் போகிறார்கள், எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்ற இரண்டையும் முடிவு செய்தால், பட்டியலில் பெரும்பகுதி தானாகவே கழிந்துவிடும். ஒன்பது மணிக்குத் தொடங்கும் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் முடியப் பதினொன்றரை ஆகும்; மறுநாள் பள்ளிக்கூடம் இருக்கும் வீட்டில் அதை இரண்டாகப் பிரித்துத்தான் பார்க்க முடியும், பிரித்துப் பார்த்த படத்தின் இரண்டாம் பாதிக்கு நால்வரும் ஒன்றாக உட்காருவது அரிது. வார நாட்களுக்கு எபிசோடுகளாகப் பிரிந்துள்ள சிறிய தொடர்களும், சனிக்கிழமைக்கு முழுநீளப் படமும் என்று பிரித்துக்கொள்வது நல்லது. சனிக்கிழமைப் படத்தை முறைவைத்து ஒவ்வொருவர் தேர்ந்தெடுக்கட்டும். தேர்ந்தெடுத்தவர் புதன்கிழமைக்குள் பெயரைச் சொல்லிவிட வேண்டும், மற்றவர்கள் முதல் அரை மணி நேரம் குறை சொல்லாமல் பார்க்க வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் போதும். உங்கள் மாமியாருக்கும் ஒரு முறை உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம்.

உங்கள் வீட்டுக்கு ஒரு பெயர் சொல்லுங்கள் என்றால், 2023இல் ஜீ5 தளத்தில் வந்த ‘அயலி’யைச் சொல்வேன். மொத்தமே எட்டு எபிசோடுகள்தான். பூப்பெய்திய பெண்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் திருமணம் செய்துவைத்துவிடும் வழக்கம் கொண்ட புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மருத்துவராக ஆசைப்படும் தமிழ்ச்செல்வி என்ற சிறுமி தான் பூப்பெய்தியதை மறைத்துப் பள்ளிக்குப் போகும் கதை அது. பொருள் கனமானதாக இருந்தாலும், சிரிக்கவைத்துக்கொண்டே நகர்கிறது. ஏழாம் வகுப்பு மாணவியும் அவளுடைய பாட்டியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது, திரையில் நடப்பதைவிடச் சுவையான பேச்சு உங்கள் கூடத்தில் நடக்கும் என்றே நினைக்கிறேன்.

ஓடிடியில் ‘யு/ஏ 13+’, ‘யு/ஏ 16+’ என்றெல்லாம் போடுகிறார்கள். பதினான்கு வயது மகன் ‘13+’ என்று போட்டிருப்பதைக் காட்டி எதையும் பார்க்கலாம் என்று வாதாடுகிறான். இந்த எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம்? – ஒரு வாசகர், கோயம்புத்தூர்

நம்பலாம், ஆனால் அந்த எண்ணை யார் போட்டது என்பதைத் தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். திரையரங்குக்கு வரும் படத்துக்குச் சான்றிதழ் தருவது தணிக்கை வாரியம். அது 1952ஆம் ஆண்டின் திரைப்படச் சட்டத்தின்படி இயங்குகிறது. அந்தச் சட்டத்தில் 2023இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படிதான், அதுவரை ஒரே பிரிவாக இருந்த ‘யு/ஏ’ 7, 13, 16 என மூன்று வயது நிலைகளாகப் பிரிக்கப்பட்டது. பழைய படங்களின் சான்றிதழில் வெறும் ‘யு/ஏ’ மட்டும் இருப்பதற்கு இதுவே காரணம். ஓடிடி தளங்களுக்காகவே எடுக்கப்படும் தொடர்களுக்குத் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் கிடையாது. 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் வகுத்துள்ள வயதுப் பிரிவுகளின்படி, அந்தந்தத் தளமே எண்ணைப் போட்டுக்கொள்கிறது. 13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி தர வேண்டும் என்பதும், ‘ஏ’ பிரிவுக்கு வயதைச் சரிபார்க்கும் ஏற்பாடு வேண்டும் என்பதும் அதே விதிகளில் உள்ளவை. எண் தவறு என்று தோன்றினால் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதலாம். அவர் 15 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

எண்ணைவிடப் பயனுள்ளது அதன் பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் வரிதான். வன்முறை, தகாத சொற்கள், போதைப்பொருள், தற்கொலை என்று எதற்காக அந்த வயது குறிக்கப்பட்டது என்பதை அது சொல்கிறது. எபிசோடு தொடங்கும்போது சில நொடிகள் இடது மூலையில் தோன்றி மறைந்துவிடுவதால் பெரும்பாலோர் அதைப் படிப்பதே இல்லை. ஒரே 13+ எண்ணின் கீழ் வாய்ச்சண்டையும் சில கெட்ட வார்த்தைகளும் மட்டுமே கொண்ட கல்லூரிக் கதையும் இருக்கலாம், குழந்தை கடத்தப்படும் கதையும் இருக்கலாம். உங்கள் மகனுக்கு முதலாவது பழகிய சங்கதி. இரண்டாவது அவனைப் பல இரவுகள் தூங்கவிடாமல் செய்யக்கூடும். இந்த வேறுபாட்டை எந்த வாரியமும் உங்களுக்காகக் கணித்துச் சொல்லாது.

குற்றக் கதைத் தொடர் என்றால் முதல் எபிசோடை நீங்கள் மட்டும் முன்கூட்டிப் பார்த்துவிடுங்கள். இவ்வகைத் தொடர்களில் பார்வையாளரைப் பிடித்து உட்காரவைப்பதற்காக மிகக் கொடூரமான காட்சியைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுவது வழக்கமாகிவிட்டதால், அந்த ஒரு மணி நேரத்திலேயே உங்களுக்கு விடை கிடைத்துவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான படம்தானே என்று அதையே ஓடிடியில் நம்பிப் போட்டுவிடாதீர்கள். ‘ஏ’ சான்றிதழ் பெற்ற படம் தொலைக்காட்சிக்கு வர வேண்டுமானால், வெட்டித் திருத்தி வேறு சான்றிதழ் வாங்கியாக வேண்டும். ஓடிடியில் அதே படத்தின் வெட்டப்படாத வடிவம் இருக்கக்கூடும்.

பதினான்கு வயதுப் பையனிடம் பூட்டு எண்ணை மறைத்துவைப்பதில் பெரிய பயன் இல்லை. அவன் ஏற்கெனவே அறிந்திருப்பான்.

பணி ஓய்வுக்குப் பிறகு பெரிய டிவி வாங்கினேன். அதில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் போட்டால் சிவாஜியும் பத்மினியும் குட்டையாகவும் குண்டாகவும் தெரிகிறார்கள். புதிய படங்களோ, என்னவென்று சொல்லத் தெரியவில்லை, சினிமாவைப் போல இல்லாமல் சீரியலைப் போல இருக்கின்றன. டிவியில் குறையா, என் கண்ணில் குறையா? – ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

உங்கள் கண்ணில் எந்தக் குறையும் இல்லை. இந்த இரண்டையும் கவனித்த கண் மிக நல்ல கண். டிவியும் பழுதடையவில்லை. கடையிலிருந்து வரும்போதே அதில் செய்துவைத்திருக்கும் அமைப்புகள்தாம் காரணம்.

முதலில் குண்டாகத் தெரிவதைப் பார்ப்போம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படம் 1973இல் வெளிவந்த ‘ராஜராஜ சோழன்’. அதற்கு முந்தைய தமிழ்ப் படங்கள் ஏறக்குறைய நான்குக்கு மூன்று என்ற அளவிலான, கிட்டத்தட்டச் சதுரமாகத் தோன்றும் சட்டகத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய டிவித் திரை பதினாறுக்கு ஒன்பது. பழைய படத்தைச் சரியாகக் காட்டினால் இரு பக்கமும் கறுப்புப் பட்டைகள் விழும். அந்த இடம் வீணாகிறது என்று நினைத்துத் திரை முழுவதும் நிரம்பும்படி இழுத்துவிடும்போதுதான் முகங்கள் அகன்றுவிடுகின்றன. அமைப்புகளில் படத்தின் அளவு என்ற பகுதிக்குப் போய் ‘4:3’ அல்லது ‘ஒரிஜினல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். கறுப்புப் பட்டைகள் வந்தால் படம் சரியாக இருக்கிறது என்று பொருள். யூடியூபில் உள்ள பழைய படங்கள் சிலவற்றில், பதிவேற்றியவரே இழுத்தோ அல்லது மேலும் கீழும் வெட்டியோ விட்டிருப்பார். நடனக் காட்சியில் பாதங்கள் தெரியவில்லை என்றால் அது வெட்டப்பட்ட பிரதி என்று கொள்ளலாம். அதே படத்துக்கு வேறு பதிவு இருக்கிறதா என்று தேடுங்கள். ‘தில்லானா மோகனாம்பா’ளைப் பாதங்கள் இல்லாமல் பார்ப்பதில் என்ன இருக்கிறது?

அடுத்து, சீரியல் போலத் தெரிவது. சினிமா ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள், அதாவது 24 அசையாப் படங்கள், என்ற கணக்கில் எடுக்கப்படுகிறது. டிவித் திரையோ ஒரு நொடிக்கு 60 அல்லது 120 முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. இடைவெளியை நிரப்ப, இரண்டு சட்டகங்களுக்கு நடுவே தானாக ஒன்றைக் கற்பனை செய்து செருகும் வசதி டிவியில் இருக்கிறது. கிரிக்கெட் பந்தைத் தொடர்ந்து பார்ப்பதற்கு அது உதவும். சினிமாவிலோ அந்த வழுவழுப்பு, வீடியோ கேமராவில் எடுத்த நாடகத்தின் சாயலைக் கொண்டுவந்துவிடுகிறது. நடிகர் டாம் குரூஸ் 2018இல் இதை அணைத்துவிடும்படி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டு ஒரு காணொளியே வெளியிட்டார். எல்ஜியில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’ என்று நிறுவனத்துக்கு நிறுவனம் இதற்குப் பெயர் வேறு. படத் தெளிவு தொடர்பான அமைப்புகளில் தேடி அதை அணைத்துவிடுங்கள். சில டிவிக்களில் ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற ஒன்று இருக்கும். அதைப் போட்டால் மேற்சொன்ன இரண்டு கோளாறுகளும் பெரும்பாலும் ஒரே சமயத்தில் தீர்ந்துவிடும்.

டிவி சரியானதும் முதலில் ‘அந்த நா’ளைப் (1954) போட்டுப் பாருங்கள். எஸ். பாலசந்தர் இயக்கி ஏவி.எம். தயாரித்த, பாட்டே இல்லாத படம். 1943இல் சென்னையில் ஜப்பானியக் குண்டு விழுந்த சமயத்தில் நடக்கும் ஒரு கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். விளக்கொளியும் நிழலும் சரியாக விழும் திரையில் அதைப் பார்க்க வேண்டும்.

என் மாமியார் மாலை ஆறு மணி முதல் பத்து மணி வரை சீரியல்தான் பார்க்கிறார். நல்ல படங்களின் பக்கம் அவரைத் திருப்ப வழி உண்டா? – ஒரு வாசகி, திருச்சி

திருப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. தினசரி சீரியலின் கதைத்தரம் வேறு, அது வயதானவருக்குச் செய்யும் உதவி வேறு. தெரிந்த முகங்கள் தினமும் குறித்த நேரத்தில் வீட்டுக்கு வந்து போவது, பகல் முழுவதும் தனியாக இருக்கும் ஒருவருக்குப் பெரிய துணை. அந்த முகங்களைத் திட்டுவதற்கும் அவருக்கு முழு உரிமை இருக்கிறது. ‘மெட்டி ஒலி’ 811 எபிசோடுகளும் ‘கோலங்கள்’ 1,533 எபிசோடுகளும் ஓடியது கதைக்கு அவ்வளவு நீளம் தேவைப்பட்டதால் அன்று. அவற்றைப் பார்த்தவர்களுடைய மாலைப் பொழுது அவ்வளவு நீளமானதாக இருந்தது.

ஆனால் நான்கு மணி நேரமும் ஒரே டிவி என்பது உங்களுக்குச் சிரமம்தான். சீரியல் முடிந்த பிறகு அதே எபிசோடு அந்தச் சேனலின் செயலியில் கிடைக்கும், விளம்பரம் போக இருபது நிமிடங்களைச் சற்றே தாண்டும் என்பதை அவருக்குக் காட்டுங்கள். நான்கு மணி நேரம் ஏறக்குறைய மூன்று மணி நேரமாகச் சுருங்க வாய்ப்பு உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் மட்டும் ‘மர்மதேச’த்தின் ‘விடாது கருப்பு’வைப் போட்டுப் பாருங்கள். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கி, தொண்ணூறுகளில் சன் டிவியில் வாரந்தோறும் வந்த அந்தத் தொடரை அவர் அப்போதே பார்த்திருக்கக்கூடும். யூடியூபில் கிடைக்கிறது. கருப்பசாமியும் குதிரைக் குளம்படிச் சத்தமும் வரும்போது அவரே உங்களுக்குக் கதை சொல்லத் தொடங்குவார்.

கொரியத் தொடர்கள் பார்ப்பதற்கு வீட்டில் கேலி செய்கிறார்கள். அம்மாவையும் சேர்த்து உட்காரவைக்க எதிலிருந்து தொடங்கலாம்? தமிழ் டப்பிங்கில் காட்டலாமா? – கல்லூரி மாணவி, சென்னை

கொரியத் தொடர்கள் தமிழ் வீடுகளுக்குப் புதியவை அல்ல. ஓடிடிக்கு முன்பே புதுயுகம் தொலைக்காட்சி அவற்றைத் தமிழில் டப் செய்து ஒளிபரப்பியது. உங்கள் அம்மாவுக்கும் அப்போது ஒன்றிரண்டு கண்ணில் பட்டிருக்கலாம், கேட்டுப் பாருங்கள்.

நம் சீரியல் பார்த்துப் பழகியவர்களுக்குக் கொரியத் தொடரின் பெரிய வசதி, அது முடிந்துவிடும் என்பதே. வாரத்துக்கு இரண்டு எபிசோடு வீதம் எட்டு வாரம், ஆக 16 எபிசோடுகள் என்பது அங்கே நெடுங்காலமாகப் பழகிவந்த அளவு. எங்கே முடிப்பது என்று தெரிந்தே எழுதத் தொடங்குவதால், மூன்றாம் எபிசோடில் போகிறபோக்கில் காட்டிய ஒரு பொருள் பதினான்காம் எபிசோடில் பயன்படுகிறது. துருக்கித் தொடர்கள் இதற்கு நேரெதிர். சொந்த நாட்டில் ஒரு எபிசோடு இரண்டு மணி நேரத்தைத் தாண்டும், வெளிநாட்டுக்கு அனுப்பும்போது அதைத் துண்டுகளாக்கிவிடுகிறார்கள். துருக்கித் தொடர் ஒன்றில் இறங்குவதற்கு முன் மொத்த எண்ணிக்கையைப் பார்த்துவிடுவது நல்லது.

அம்மாவோடு பார்ப்பதற்குக் காதல் கதையிலிருந்து தொடங்க வேண்டாம். ‘ரிப்ளை 1988’ என்ற தொடரைச் சொல்வேன். 2015இல் தொடங்கி 2016இல் முடிந்த இது வழக்கத்துக்கு மாறாக 20 எபிசோடுகள் கொண்டது, ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும். சியோல் நகரின் சங்முன்-தோங் பகுதியில் ஒரே சந்தில் வாழும் ஐந்து குடும்பங்களைப் பற்றிய கதை. முதல் எபிசோடிலேயே ஒரு காட்சி வரும். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீட்டு அம்மா தான் சமைத்ததைக் கிண்ணத்தில் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். வெறும் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அந்த வீட்டு அம்மா தன் பதார்த்தத்தைப் போட்டு அனுப்புவார். சந்தின் எல்லா வீட்டிலிருந்தும் பிள்ளைகள் கையில் கிண்ணத்தோடு குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டிருக்க, இதற்கு எல்லாரும் ஒன்றாகவே சாப்பிட்டுவிடலாமே என்று ஒரு பையன் சலித்துக்கொள்வான். இந்தக் காட்சிக்கு உங்கள் அம்மா சிரித்தால் மீதிப் பத்தொன்பதையும் அவரே போடச் சொல்வார். சிரிக்காவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.

டப்பிங் பற்றி: எழுத்தைப் படித்துக்கொண்டு பார்ப்பது அம்மாவுக்குச் சிரமம் என்றால், தமிழ் ஒலி இருக்கும் தொடரைத் தேர்ந்தெடுப்பதில் தவறே இல்லை. கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ பார்ப்பவர் சப்டைட்டிலைப் படிக்க முடியாது. ஆனால் எல்லாத் தொடருக்கும் தமிழ் ஒலி இருப்பதில்லை. தொடங்கும் முன் ஒலி, எழுத்து இரண்டின் பட்டியலையும் திறந்து பார்த்துவிடுங்கள்.

ஐஎம்டிபி இணையதளத்தில் பார்வையாளர்கள் போடும் மதிப்பெண், ஓடிடி தளங்களின் ‘டாப் 10’ பட்டியல் இவற்றை வைத்துப் படம் தேர்ந்தெடுக்கலாமா? – ஒரு வாசகர், சேலம்

‘டாப் 10’ என்பது எத்தனை பேர் போட்டுப் பார்த்தார்கள் என்ற கணக்கு, எத்தனை பேருக்குப் பிடித்தது என்பதை அது சொல்வதில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூன் முதல், மொத்தம் பார்க்கப்பட்ட மணி நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்து வருவதையே பார்வைகளின் எண்ணிக்கை என்று வெளியிடுகிறது. பத்துப் பேர் பாதியில் நிறுத்தினாலும் ஐந்து பேர் முழுதாகப் பார்த்தாலும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

ஐஎம்டிபி மதிப்பெண்ணை, படம் வெளியான முதல் வாரத்தில் பார்க்கவே வேண்டாம். நடிகரின் ரசிகர்கள் பத்தும், எதிர் அணியினர் ஒன்றும் போட்டுக்கொண்டிருக்கும் காலம் அது. சில மாதங்கள் கழித்து மொத்த மதிப்பெண்ணை விட்டுவிட்டு, அதைத் தொட்டால் திறக்கும் வரைபடத்தைப் பாருங்கள். ஆறு, ஏழு, எட்டு என்ற இடங்களில் கோடுகள் உயர்ந்திருந்தால் மனிதர்கள் பார்த்து யோசித்துப் போட்ட எண்கள் என்று கொள்ளலாம். பத்தும் ஒன்றும் மட்டும் உயர்ந்து நடுவில் பள்ளமாக இருந்தால் அங்கே நடப்பது வேறு. எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சில நூறு பேர் மட்டுமே பார்த்த அருமையான படமும் உண்டு.

நான் நம்புவது வேறு முறையை. விமர்சகர் ஒருவரைத் தேர்ந்தெடுத்து, அவர் எழுதுவதைக் கொஞ்ச காலம் தொடர்ந்து படியுங்கள். உங்கள் ரசனையோடு ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை. எது அவருக்குப் பிடிக்காது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும். ‘மெதுவாக நகர்கிறது’ என்று அவர் குறைசொல்லும் படத்தை நீங்கள் உடனே பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம்.

மலையாளப் படங்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் பாதி வசனம்தான் புரிகிறது. தமிழில் டப் செய்ததைப் பார்ப்பதா, தமிழ் மறுஆக்கம் இருந்தால் அதைப் பார்ப்பதா? – ஒரு வாசகர், விருதுநகர்

மூலத்தையே சப்டைட்டிலோடு பாருங்கள். மலையாளத்தில் பாதி புரிகிறவருக்கு மீதிப் பாதி எழுத்திலிருந்து வந்துவிடும். சில படங்களுக்குள் காதும் பழகிவிடும். டப்பிங்கில் வாயசைவுக்குப் பொருந்தும்படி வசனத்தை எழுத வேண்டியிருப்பதால், கொச்சிக்கு அருகிலுள்ள மீனவக் கிராமத்து அண்ணன் தம்பிகள் பேசுவது தமிழில் எந்த ஊர்ப் பேச்சாகவும் இல்லாமல் போய்விடுகிறது. நான் சொல்வது ‘கும்பளங்கி நைட்ஸ்’ (2019) படத்தை. மறுஆக்கம் என்பது வேறு. ‘த்ரிஷ்யம்’ (2013) எடுத்த ஜீத்து ஜோசப்பே தமிழில் ‘பாபநாசம்’ (2015) எடுத்தபோது, வசனத்தை ஜெயமோகன் நெல்லைப் பேச்சில் எழுதினார். அதனால் அது தன் மண்ணில் நிற்கும் படமாக இருக்கிறது. இரண்டையும் பார்க்கலாம்.

குடும்பத்தோடு பார்க்க ‘ஹோம்’ (2021). திரைப்பட இயக்குநரான மகனிடம் நெருங்குவதற்காக ஸ்மார்ட்போன் கற்றுக்கொள்ள முயலும் தந்தையாக இந்திரன்ஸ் நடித்திருக்கிறார்.

எழுபத்தைந்து வயதுத் தந்தைக்கு வசனம் கேட்பதில்லை. ஒலியைக் கூட்டினால் பின்னணி இசை வீட்டையே அதிரவைக்கிறது. – ஒரு வாசகி, புதுச்சேரி

பல ஒலிபெருக்கிகளுக்காகக் கலக்கப்பட்ட 5.1 ஒலித்தடத்தில் வசனத்துக்கென்று நடுவில் தனி ஒலிபெருக்கி உண்டு. டிவியில் இருக்கும் இரண்டே சிறிய ஒலிபெருக்கிகளில் எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும்போது வசனம் அமுங்கிவிடுகிறது. படம் ஓடும்போது ஒலி மொழிப் பட்டியலைத் திறந்து, அதே மொழியில் 5.1 இல்லாத தடம் தனியாக இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் ‘சரவுண்ட்’ இருந்தால் அணைத்துவிட்டு, குரலைத் தெளிவாக்கும் அமைப்பைப் போடுங்கள். சப்டைட்டில் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும் உண்டு. புளூடூத் ஹெட்போன் வாங்குவதானால், அது இணைந்த பிறகும் மற்றவர்களுக்கு டிவியில் ஒலி வருமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சில டிவிக்களில் ஹெட்போன் இணைந்ததும் டிவி ஊமையாகிவிடும்.

இரைச்சல் குறைந்த படம் ஒன்று: பாலுமகேந்திராவின் ‘வீடு’ (1988). பாட்டு கிடையாது. பேத்தி கட்டிக்கொண்டிருக்கும் சிறிய வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகப் போய், முடிவுறாத சுவர்களைத் தொட்டுப் பார்க்கும் காட்சியில் சொக்கலிங்க பாகவதர் ஒரு வார்த்தை பேச வேண்டிய தேவையே இல்லை. அதன் முடிவு வருத்தமானது என்பதை மட்டும் முன்னரே சொல்லிவைக்கிறேன்.

புதுப் படம் வெளியான அன்றே நண்பர்கள் டெலிகிராமில் அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்குள் பார்ப்பதில் என்ன தவறு? – ஒரு வாசகர், ஈரோடு

திரையரங்கில் கள்ளத்தனமாகப் பதிவு செய்வதற்கும் அப்படிப் பதிவானதை லாபத்துக்காக மக்களுக்குக் காட்டுவதற்கும் 2023ஆம் ஆண்டின் திரைப்படத் திருத்தச் சட்டம் குறைந்தது மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கிறது. உங்களுக்கு அனுப்பும் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள். தமிழ்ப் படங்கள் பெரும்பாலும் நான்கைந்து வாரங்களில் ஓடிடிக்கு வந்துவிடும் காலத்தில், முன்வரிசைக்காரர் எழுந்து போகும் நிழலையும் அரங்கின் இருமல் சத்தத்தையும் சேர்த்துப் பார்ப்பானேன்?

பேரன் என் ஓடிடி கணக்கில் பேய்ப் படம் பார்த்த நாளிலிருந்து எனக்கு வரிசையாகப் பேய்களே வருகின்றன. நிறுத்த முடியுமா? – ஒரு வாசகி, காரைக்குடி

முடியும். முதலில் பேரனுக்குத் தனி புரொஃபைல் ஒன்றை உருவாக்கிக் கொடுங்கள். பிறகு உங்கள் கணக்கின் அமைப்புகளில், இதுவரை பார்த்தவற்றின் பட்டியலைத் திறந்து பேய்ப் படங்களை ஒவ்வொன்றாக நீக்குங்கள். நெட்ஃபிளிக்ஸில் இதைக் கைபேசி அல்லது கணினியில் உலாவி வழியாகச் செய்வது எளிது. அங்கேயே அடுத்த எபிசோடு தானாக ஓடுவதையும், பட்டியலை நகர்த்தும்போது முன்னோட்டம் தானாகச் சத்தம் போடுவதையும் அணைக்கும் இரண்டு கட்டங்கள் இருக்கும். அவற்றில் உள்ள குறியையும் எடுத்துவிடுங்கள். ஓரிரு நாட்களில் பேய்கள் குறைந்துவிடும்.

ஒரு தொடரை ஆரம்பித்துவிட்டால் பிடிக்காவிட்டாலும் முடித்துவிட வேண்டும் என்று என் கணவர் சொல்கிறார். சரியா? – ஒரு வாசகி, வேலூர்

இல்லை. தொடருக்கு இரண்டு எபிசோடு, படத்துக்கு இடைவேளை வரை. அதற்கு மேல் அவர் மட்டும் பார்த்து முடிக்கட்டும், கதையை மறுநாள் காலைக் காபியின்போது அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.